அரை மைல் அம்புரோஸ்

1973-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு அம்புரோஸ் தம் செருப்புகளைக் கழற்றி, அவற்றின் முனைகள் கடலை நோக்கியிருக்கும்படி துறைமுகத்தின் கல்தளத்தில் ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தார். அருகில், கப்பலிலிருந்து அப்போதுதான் இறக்கப்பட்ட வெள்ளைநிறக் கார் ஒன்று நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளங்கால்களைத் துடைத்தார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். கதவைத் திறந்து, உட்காருவதற்கு முன் தலையை உள்ளே நீட்டி இருக்கையை முகர்ந்தார். அதன் பிறகே நான் நிற்பதைக் கவனித்தார்.

"புச்சா வந்துகீறியா சார்? குந்து. காலைத் தட்டிட்டுக் குந்து."

அன்றுதான் நான் அந்தக் கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இலக்கணம் கற்பித்துவந்த டுடோரியல் கல்லூரி மூடப்பட்டுவிட, நாற்பத்திரண்டாம் வயதில் எனக்குக் கிடைத்த வேலை அது. கப்பலிலிருந்து இறங்கும் வண்டிகளைச் சுற்றிவந்து, கீறலும் பள்ளமும் இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு படிவத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். பின்பு அதே வண்டியில் ஏறி, அதை ஓட்டுபவரோடு ஷெட் வரை போக வேண்டும். ஓட்டுபவர் அம்புரோஸ்.

கப்பல் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் ஷெட் சரியாக அரை மைல் தொலைவு. துறைமுகத்துக்குள் மணிக்குப் பத்து மைலுக்குமேல் போகலாகாது. இருபது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டுக் கார்களை அம்புரோஸ் ஓட்டியிருக்கிறார். ஒன்றையும் அந்த அரை மைலுக்கு அப்பால் ஓட்டியதில்லை. ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும், வெறுங்காலோடு அதே வழியில் நடந்துவந்து செருப்பை மாட்டிக்கொள்வார். போகும்போது கார், வரும்போது கால். கூலியாட்கள் அவருக்கு 'அரை மைல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

கார்களை அவர் கம்பெனிப் பெயரால் குறிப்பதில்லை. வாசனையாலும் குணத்தாலும் குறிப்பார். "அந்த ரப்பர் நாத்தம் புட்ச்ச நீலக்காரி", "கிளட்ச்சுல கூச்சப்படுவாளே, அவ" என்பார். ஒவ்வொரு வண்டியின் முதல் கியரும் இரண்டாவது கியரும் எப்படிப்பட்டவை என்பது அவர் நினைவில் அழியாமல் இருக்கும். ஒருமுறை, ஏதோ ஒரு காரைப் பற்றி நான் மேலும் கேட்டபோது, சற்று வெட்கத்தோடு சொன்னார்:

"மூணாவது கியரு எப்டிகீதுன்னு என்னாண்ட கேக்காத சார். நான் எவளோட மூணாவதையும் பாத்ததில்ல."

குள்ளமான உருவம், காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் வேளாங்கண்ணிப் பதக்கம். இராயபுரத்தில், தேவாலய மணி தலைக்குமேல் அடிப்பதுபோல் கேட்கும் ஒரு சந்தில் குடியிருக்கிறார். மனைவி ஃப்ளோரன்ஸ் தையற்காரி. பூசைக்கு உதவும் சிறுவர்களின் வெள்ளை அங்கிகள் எல்லாம் அவர் இயந்திரத்தில் தைக்கப்பட்டவையே. கணவரின் தொழிலைப் பற்றி அந்த அம்மையாருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. உலகத்துக் கார்களையெல்லாம் ஓட்டுகிற மனிதர் தம்மைக் கடற்கரைக்கு இதுவரை பஸ்ஸில்தான் அழைத்துப் போயிருக்கிறார் என்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

கார்க் கப்பல் வராத நாட்களில் ஏஜென்சியின் பழைய லாரியை அம்புரோஸ் எண்ணூருக்கு ஓட்டிச் செல்வார். அங்கே எழுந்துகொண்டிருந்த ஆலைகளுக்கு யந்திரப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்த காலம் அது. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நெரிசலில் ஊர்ந்து போகும் சாலை, திருவொற்றியூரைத் தாண்டியதும் திடீரென்று கடலை ஒட்டி நேராக விரியும். அந்த இடம் வந்ததும் அவர் லாரியின் வேகத்தைக் கூட்டமாட்டார், குறைப்பார். முன்னும் பின்னும் பார்ப்பார். "சும்மா கெடக்குது பாரு சார் ரோடு. லாரிக்கு இது வேஸ்டு" என்பார். அயல்நாட்டுக் கார் ஒன்றில், மூன்றாவது கியரில், அந்த நேர்ச்சாலையில் ஒரு தடவை. அவருடைய ஆசை இவ்வளவுதான். இதைவிடப் பெரிய ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

1974 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. விடாத மழை. அன்று இறங்கிய கார், அம்புரோஸின் ஆயிரத்தில் அதற்குமுன் இல்லாத வகை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, இடுப்பளவு உயரமுள்ள, எலுமிச்சை மஞ்சள் நிறச் சிறு வண்டி. எண்ணூரில் ஓர் ஆலைக்கு யந்திரங்கள் பொருத்த வந்திருந்த ஜெர்மானியப் பொறியாளர் தம் சொந்த உபயோகத்துக்கு வரவழைத்தது. ஓட்டுபவர் இடப்புறம் உட்கார வேண்டும். அதன் இடப்பக்கம் மழையில் நின்றது. வலப்பக்கத்தில் தார்ப்பாய் மூடிய மரப்பெட்டிகள் அடுக்கப்பட்டு, கொஞ்சம் மறைவாக இருந்தது. படிவம் நனைந்துவிடும் என்ற அச்சத்தில் நான் முன்னும் பின்னும் வலமும் பார்த்துவிட்டு, 'கீறல் இல்லை, பள்ளம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே ஏறிக்கொண்டேன். இடப்பக்கத்தை நான் பார்க்கவில்லை. அம்புரோஸோ, அந்தப் பக்கத்தில்தான் மழையில் குந்தி, வழக்கம்போல் செருப்புகளைக் கடல் நோக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்து ஓட்டுநர்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கிரேன்கள் ஓடும் தண்டவாளங்கள் அங்கே தரையோடு தரையாகப் பதிந்திருக்கும். அவற்றைக் கடக்கும்போது சக்கரம் இரும்புப் பள்ளத்தில் இறங்கித் திசைமாறாமல் இருக்க, தண்டவாளத்துக்கு ஒரு முழம் முன்பாக ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, கடக்கும் கணத்தில் காலை எடுத்துவிடுவார்கள். லாரியானாலும் காரானாலும் இதுதான் முறை. அம்புரோஸின் கால் இதை இருபது ஆண்டுகளாகத் தானாகவே செய்துவந்தது. அன்றும் செய்தது. வண்டி வேகம் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். அப்போதும் பலன் இல்லை. முதல் தண்டவாளத்தை ஊர்ந்து கடந்து, அவர் காலை எடுக்கப்போகும் நேரத்தில், எங்கோ முதுகுக்குப் பின்னால் மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுந்தது. அடுத்த நொடி அந்தச் சிறு வண்டி பாய்ந்தது. பின்சக்கரங்கள் ஈர இரும்பின்மேல் வழுக்க, வால்பக்கம் அரைவட்டம் அடித்து, பெட்டி அடுக்கு ஒன்றுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. எதன்மீதும் படவில்லை. அம்புரோஸ் இறங்கிக் கையை நீட்டி அந்த இடைவெளியை அளந்து பார்த்தார். ஷெட் வாயிலில் நின்ற மேலாளர் வால்டர், வண்டி சுழன்றதை மட்டும் தூரத்திலிருந்து பார்த்தார்.

மாலையில் அம்புரோஸ், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் ஃபிட்டராக இருந்த நண்பர் ஒருவரிடம் விசாரித்துவிட்டு வந்து எனக்கு விளக்கினார்.

"கப்பல் இஞ்சின்ல கீற அதே சாமான் சார், டம்ளர் சைசுல. வெளிய போற பொகையைப் புட்ச்சு ஒரு சின்னக் காத்தாடியச் சுத்த வுடுது. காத்தாடி சுத்துனா இஞ்சினுக்குக் காத்து ஏறுது. சுத்தாத வரைக்கும் வண்டி சாது. சுத்த ஆரம்பிச்சிச்சின்னா வேற வண்டி." சற்று யோசித்துவிட்டு மேலும் சொன்னார்: "மத்ததெல்லாம் கேட்டா குடுக்கும். இது கேட்டப்பால நெனச்சுப் பாத்துட்டுக் குடுக்குது."

அந்தக் காரைச் சுங்கத்திலிருந்து விடுவிப்பதற்கான காகிதங்கள் அதன் ஊரிலிருந்து வந்துசேரப் பதினொரு வாரங்கள் ஆயின. அதுவரை அது எங்கள் ஷெட்டில் தார்ப்பாயின்கீழ் நின்றது. பாட்டரி இறந்துவிடாமலும் டயர்கள் ஒரே இடத்தில் அழுந்திக் கெட்டுவிடாமலும் இருக்க, வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி, ஷெட்டுக்குப் பின்னால் உள்ள இருநூறு கெஜப் பாதையில் போய்வரும் பொறுப்பு அம்புரோஸுக்குத் தரப்பட்டது. திங்கட்கிழமை காலை ஏழு மணி. மற்ற ஆறு நாட்களும் அவர் திங்கட்கிழமைக்காகவே வாழ்ந்தார் என்றால் அது மிகையன்று.

முதல் இரண்டு வாரங்கள் அவர் அந்த வண்டிக்கு அஞ்சினார். இஞ்சின் இருமுறை நின்றுவிட்டது. மூன்றாம் வாரம் தைரியமாக மிதித்தார். பாதையின் முடிவில்தான் சீழ்க்கை எழுந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லாரியில் பழகிய கால், தேவை வரும்போது மிதிக்கும். தேவை தீர்ந்ததும் எடுக்கும். இந்த வண்டிக்கோ தேவை வருவதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். பின்பு, அது தரத் தொடங்குமுன்பே, போதும் என்றும் சொல்லிவைக்க வேண்டும். நாற்பத்தாறு வயதுக் காலுக்கு இது எளிதன்று.

விடை அவருக்கு வீட்டில் கிடைத்தது. ஃப்ளோரன்ஸின் தையல் இயந்திரத்தைக் காலால் மிதித்துப் பார்த்தாராம். கால் முதலில் அசைகிறது, பெரிய சக்கரம் அதற்குப் பின், ஊசி கடைசியில். காலை எடுத்த பிறகும் ஊசி நாலு தையல் போடுகிறது. ஊசி நிற்க வேண்டிய இடத்தைத் துணியில் சாக்கட்டியால் குறித்து, அதற்கு எத்தனை தையல் முன்பு காலை எடுக்க வேண்டும் என்று இரவு உணவுக்குமுன் நாள்தோறும் பழகினார். நூல் அறுந்தது, இரண்டு ஊசிகள் முறிந்தன, யாரோ ஒரு சிறுவனின் அங்கிக்கு மூன்றாவது கை முளைத்ததுபோல் ஒரு தையல் விழுந்தது. அந்த வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது ஃப்ளோரன்ஸ் முறையிட்டார்:

"ஊர்ல ஆம்பளைங்க குட்ச்சிட்டு வந்து பேஜாரு பண்ணுவானுங்க. இது மிசினை மிதிச்சிகினு பேஜாரு பண்ணுது. நீயாவது கேளு சார், எந்தப் பொம்பள இதுக்குக் கால்ல கண்ணி வெச்சான்னு."

"மஞ்சக்காரி" என்றார் அம்புரோஸ், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆறாம் வாரத்திலிருந்து ஷெட்டுப் பாதையில் அவர் உதடுகள் அசைவதைக் கண்டேன். 'அருள் நிறைந்த மரியே' என்னும் செபத்தின் முதல் வரியைச் சொல்லத் தொடங்கும்போது மிதிப்பார். வரி முடியும்போது சீழ்க்கை எழும். இரண்டாம் வரியின் முதற்சொல்லில் காலை எடுப்பார். எட்டாம் வாரத்தில் உதடுகளும் அசையவில்லை. வண்டி, அவர் நினைத்த இடத்தில் எழுந்து, நினைத்த இடத்தில் அடங்கிற்று. இருநூறு கெஜம்தான், இரண்டாவது கியர்தான். ஆனால் அருகில் அமர்ந்திருந்த எனக்கு, நன்றாக நீந்தத் தெரிந்தவர் ஒருவர் கிணற்றுக்குள் நீந்துவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஒன்பதாம் வாரம் பொறியாளரே ஷெட்டுக்கு வந்தார். அம்புரோஸ் ஓட்டுவதைத் தொலைவில் நின்று பார்த்தார். இந்த வண்டியின் குணம் தமக்குப் பிடிபடவே ஓராண்டு ஆயிற்று என்றும், இந்த ஊர்ச் சாலைகளில் தாம் ஓட்டுவதாக இல்லை என்றும், வண்டியை எண்ணூருக்கு இவரே கொண்டுவந்து சேர்க்கட்டும் என்றும், தம் ஓட்டுநருக்குப் பழகும்வரை ஞாயிறுதோறும் இவரே வந்து ஓட்டட்டும் என்றும் வால்டரிடம் சொன்னார். வால்டர் அதைத் தமிழில் சொன்னபோது அம்புரோஸ் துண்டை எடுத்து, துடைக்கத் தேவையற்ற கண்ணாடியைத் துடைத்தார்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை, 1975 ஜனவரி 18, வண்டியை எடுக்கலாம் என்று ஆயிற்று. மறுநாளோடு என்னுடைய இரண்டாண்டுத் தகுதிகாண் காலம் முடியவிருந்தது; அதுவரை, படிவத்தில் ஒரு தவறு கண்டாலும் என்னை வேலையிலிருந்து நீக்கிவிடலாம். வேலை நிரந்தரமாகும் நாளை என் வீட்டாரைவிட அம்புரோஸே கவனமாக எண்ணிவந்தார். அன்று காலையிலும் என்னைக் கண்டதும், "நாளையோட ரெண்டு வருசம் சார். பிரியாணி வேணும். தபாரு, மட்டன் பிரியாணி. கோயிலாண்ட விக்கிறானே, அந்தக் கலீஜ் கடைல வாங்கி ஏமாத்தாத" என்றார். அவர் புதுச் சலவைச் சட்டை அணிந்திருந்தார். செருப்புகளைக் கழற்றினார், தரையில் வைக்கவில்லை. இந்த வழியில் இன்று திரும்பி நடக்கப்போவதில்லை அல்லவா? அவற்றைத் துண்டால் துடைத்து, இருக்கைக்கு அடியில், உள்ளே வைத்துக்கொண்டார். நான் அறிந்தவரை, அவருடைய செருப்பு ஒரு காருக்குள் போனது அதுவே முதல் முறை. ஏறி அமர்ந்து இஞ்சினைக் கிளப்பினார்.

பொறியாளர் தம் அம்பாசடரில், ஓட்டுநர் ராமசுப்புவோடு வந்து இறங்கினார். புறப்படுமுன் ஒருமுறை வண்டியைச் சுற்றிவந்தார். இடப்பக்கத்தில், கதவுக்குப் பின்னால், அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. மூன்று அங்குல நீளத்தில் ஒரு கீறல். கப்பலிலிருந்து இறக்கும்போது கொக்கி உரசியிருக்க வேண்டும். அந்த உயரத்தில் அப்படிப்பட்ட கீறலை நான் பின்னர்ப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். வால்டர் என்னிடம் அக்டோபர்ப் படிவத்தைக் கேட்டார். வாசித்தேன். 'கீறல் இல்லை, பள்ளம் இல்லை.' கீழே என் கையெழுத்து.

அம்புரோஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார். கீறலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தக் கீறலை அவர் மழையில் குந்திச் செருப்பை வைத்தபோதே கண்டவர். எப்போதும்போல் நான் அதைக் குறித்திருப்பேன் என்று நம்பி, அதை மறந்துவிட்டவர். நான் குறிக்கவில்லை என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். நான் வாய்திறக்க எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் அவர் காத்திருந்தார். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இஞ்சின் நின்றது. அம்புரோஸ் வெளியே வந்தார்.

"நாந்தான் சார்" என்றார் வால்டரிடம். "அன்னிக்கு மழைல தண்டவாளத்தாண்ட பின்னாடி ஒதறிச்சே, நீயும் பாத்துகினு இருந்தியே. அப்ப பொட்டில ஒரசிகினுகீது."

வால்டருக்கு நினைவு வந்தது. பொறியாளர் கோபப்படவில்லை. கீறல் பெரிதன்று, அதைப் பதினொரு வாரம் மறைத்துவைத்த ஓட்டுநரிடம் வண்டியைத் தருவதுதான் இயலாது என்று அமைதியாகச் சொன்னார். வால்டர் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். இனி அந்த வண்டியை அம்புரோஸ் தொடவேண்டாம் என்று தம் பங்குக்கும் சேர்த்துச் சொன்னார்.

சாவி ராமசுப்புவின் கைக்குப் போயிற்று. அவர் திருநெல்வேலிக்காரர், அம்பாசடரைத் தவிர வேறு அறியாதவர். பொறியாளர் அருகில் அமர, அம்பாசடரை ஷெட்டருகே விட்டுவிட்டு, அந்த மஞ்சள் வண்டி இருமுறை குலுங்கி, வாயிலைத் தாண்டி மறைந்தது. அதுவரை அசையாமல் நின்ற அம்புரோஸ் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நான் போகாட்டி இன்னா சார்? செருப்பு போய்ட்சு பாரு எண்ணூருக்கு."

அன்று அவர் நிலக்கரித் தூளிலும் தார்ச்சாலையிலும் இராயபுரம் வரை வெறுங்காலோடு நடந்துபோனார். திங்கட்கிழமை என் வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. அந்தப் பிரியாணியை அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

செருப்புகள் மறுவாரம் செய்தித்தாளில் சுற்றப்பட்டுத் திரும்பி வந்தன. கொண்டுவந்தவர் ராமசுப்பு. அம்புரோஸ் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே முதலில் கேட்டது, மூன்றாவது கியர் போட்டாயா என்பதைத்தான்.

"நாலாவதே போட்டேன் அண்ணாச்சி. ஆனா கேட்டா வரமாட்டேங்கு, வந்தா நிக்கமாட்டேங்கு. தொரை பல்லைக் கடிக்காரு. நேத்து ஒரு மாட்டுவண்டிக்காரன் என்னிய ஏசுன ஏச்சு இருக்கே..."

அம்புரோஸ் அவரை ஏஜென்சிப் படிக்கட்டில் உட்காரவைத்தார். ஒரு செங்கல்லைக் காலுக்கடியில் சாய்த்துவைத்து, தாம் பதினொரு வாரத்தில் கற்ற அனைத்தையும், தையல் இயந்திரம் உட்பட, அரை மணி நேரத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். "வளைவைப் பாத்தப்பால மிதிக்காத நைனா. வளைவு வரும்னு தெரியும்ல, அப்பவே மிதி. அது வந்து நிக்கசொல்ல உன் காலு அங்க இருக்கக்கூடாது" என்று அவர் கடைசியாகச் சொன்னது எனக்குக் கேட்டது. ராமசுப்பு நன்றி சொல்லிப் போனபின், செங்கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

நான் திருவொற்றியூர்வாசி. அவ்வாண்டு பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, ஊருக்கு வடக்கே சாலை கடலைத் தொட்டு வளையும் இடத்தில், அலைக்குத் தடையாகப் போட்ட பாறைகளின்மேல் அம்புரோஸ் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். முதற்பூசை முடிந்து பஸ் பிடித்து வந்திருந்தார். செருப்புகள் பக்கத்தில், கடலை நோக்கி. ஞாயிறுதோறும் ஒன்பது மணியளவில் பொறியாளர் நகரத்துக்கு வருவார் என்று ராமசுப்பு சொல்லியிருந்தாராம். அம்புரோஸிடம் சொல்லவேண்டியதை நான் இரண்டு மாதமாக வாக்கியமாக அமைத்து வைத்திருந்தேன். அருகில் அமர்ந்து தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"இரு சார். வருது."

வடக்கே நேர்ச்சாலையில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. அம்புரோஸின் வலக்கால் பாறையின் சரிவில் தானாக நீண்டது. வளைவுக்கு வெகு தொலைவில் வண்டி இருக்கும்போதே அந்தப் பாதம் பாறையை அழுத்திற்று, பின்பு எழுந்தது. அவர் பாதம் எழுந்து வெகுநேரம் சென்ற பிறகுதான் சீழ்க்கை கேட்டது. வண்டி வளைவில் தடுமாறி, வால் அசைந்து, எங்களைக் கடந்துபோயிற்று. "லேட்டு" என்றார். அவ்வளவுதான். நான் அமைத்துவைத்த வாக்கியம் அதன்பின் வெளிவரவில்லை.

பின்னர் பல ஞாயிறுகளில் அவரை அங்கே பார்த்தேன். பாறையை அழுத்தும் பாதத்துக்கும் சாலையில் எழும் சீழ்க்கைக்கும் இடையிலிருந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் குறைந்துவந்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் இரண்டும் பொருந்தின. வண்டி வளைவில் கோடு கிழித்ததுபோல் போயிற்று. ராமசுப்பு எங்களைப் பார்க்கவில்லை. "புட்ச்சுகினான்" என்றார் அம்புரோஸ். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அதன்பிறகு அவர் அந்தப் பாறைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

1977 பிப்ரவரியில் பொறியாளரின் பணி முடிந்தது. கார் தன் ஊருக்குத் திரும்பிற்று. ராமசுப்பு அதை எங்கள் ஷெட் வரை கொண்டுவந்தார். அதற்கப்பால் ஏஜென்சியின் ஆட்கள்தான் ஓட்டலாம். எங்களிடம் இருந்த மற்றோர் ஓட்டுநரான சவரிநாதன், மகள் திருமணத்துக்கு விடுப்பில் போயிருந்தார். வால்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அதை அம்புரோஸிடம் நீட்டினார்.

அம்புரோஸ் ஷெட் வாயிலில் செருப்புகளைக் கடல் நோக்கி வைத்தார். பாதங்களைத் துடைத்தார். சிலுவை வரைந்தார். தலையை உள்ளே நீட்டி இருக்கையை முகர்ந்தவர், வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் அப்படியே நின்றார். நான் வலப்புறம் ஏறிக்கொண்டேன். அதே அரை மைல். தண்டவாளங்கள் கண்ணில் படுமுன்பே, ஒரு விளக்குக் கம்பத்தருகில், அவர் கால் மென்மையாக அழுந்தியதையும் உதடுகள் ஒருமுறை அசைந்ததையும் கண்டேன். சீழ்க்கை எழுந்தபோது நாங்கள் சரியாக முதல் தண்டவாளத்தின்மேல் இருந்தோம். வண்டி எழும்பி, இரண்டையும் ஒரே மூச்சில் கடந்து, அப்பால் பூனையைப்போல் அடங்கியது. அவர் கை கியர்த் தண்டின்மேல் வந்து, மூன்றாவதன் பக்கமாக அதைச் சாய்த்து, உள்ளே தள்ளாமல் ஒரு கணம் பிடித்திருந்தது. பிறகு இரண்டாவதற்கே திரும்பிற்று. முன்னால் இன்னும் நூறு கெஜம்தான் இருந்தது, அதன்பின் கடல்.

கப்பல் அருகில் நிறுத்தினார். தூக்கிச் செல்லும் கயிறுகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். ஏற்றுமுன் நான் படிவத்தை நிரப்ப வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், வலப்பக்கம் முடித்து, இடப்பக்கம் வந்தேன். கதவுக்குப் பின்னால் அந்தக் கீறல் அப்படியே இருந்தது. எண்ணூர் ஆலைச் சாம்பலும் உப்புக்காற்றும் படிந்து அதை ஏறக்குறைய மூடியிருந்தன. நான் பேனாவைத் திறந்தேன். "அம்புரோஸ், அன்றைக்கு..." என்று தொடங்கினேன்.

"எய்திக்கோ சார்" என்றார். "கப்பல் நின்னுகினுகீது."

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அங்கிருந்த வாளியில் அதன் ஒரு முனையை நனைத்துப் பிழிந்து, வண்டியின் இடப்பக்கத்தருகே குந்தி, அந்த மூன்று அங்குலத்தின்மேல் படிந்திருந்த சாம்பலை, எனக்குத் தெளிவாகத் தெரியும்வரை மெல்லத் துடைத்தார். பின்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, நான் எழுதி முடிக்கும்வரை, முகத்தைக் கடலின் பக்கம் திருப்பி நின்றுகொண்டார்.